புக்காபாட்டா சரிவில் உன் பெயர்

அன்பு மகன் எலிசேயோவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை யோலாந்தாவும் பதினோரு லாமாக்களும் சுகம். நீயும் அந்த அமெரிக்கப் பனிமலையில் அடுத்தவன் ஆடுகளோடு சுகமாக இருக்க மாதாவையும் நம் மலைச்சாமியையும் சேர்த்தே கும்பிடுகிறேன், ஒருவர் கேட்காவிட்டாலும் இன்னொருவர் கேட்பார்.

யோலாந்தாவுக்குப் பல்வலி, வீங்கிய கன்னத்தோடு பாடம் நடத்தப் போகிறாள், பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். நீ டின்னில் அடைத்த சூப் குடிப்பதாக எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உறைபனியில் காயவைத்த கிழங்கு ஒரு பை அனுப்புகிறேன், முதல் நாளே ஊறப்போடு, இல்லாவிட்டால் கல்லைத்தான் கடிப்பாய்.

விஷயத்துக்கு வருகிறேன். ஏழு வருஷம் தரிசாகக் கிடந்த நம் ஊர்ப் பொது நிலத்தை, புக்காபாட்டா சரிவை, இந்த மழையில் உழவுக்குத் திறந்துவிட்டார்கள். போன தடவை பங்கு பிரித்தபோது நீ இங்கே இருந்தாய், உன் பங்கின் தலைமாட்டில் கல் நட்டாய், இந்தச் சரிவு மறுபடி திறக்குறப்ப வந்துடுவேம்மா என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாய். ஊர்த்தலைவர் நசாரியோ பெயர் வாசித்தான். ஆளில்லாத பங்கு அடுத்தவருக்குப் போய்விடும், உனக்குத் தெரியாததா. உன் பெயரை மூன்று தடவை கூப்பிட்டான். முதல் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் தடவை எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மூன்றாம் தடவை, இருக்கான் என்று கத்திவிட்டேன். எங்க இருக்கான் அத்தை, உங்க பாவாடைக்குப் பின்னாலயா என்று அவன் கேட்க ஊரே சிரித்தது. சின்ன வயசுல நாய் துரத்துனப்ப நீ ஒளிஞ்ச பாவாடைதான்டா இது என்று நானும் விட்டேன். கடைசியில் நடவு வரைக்கும் பொறுப்பதாகவும், அதற்குள் நீ வராவிட்டால் பங்கு இலாரியோவுக்கு என்றும் முடிவாயிற்று.

இலாரியோவை ஞாபகம் இருக்கிறதா, தியோபிலா மகன். போன வருஷம் கல்யாணம் ஆயிற்று, பெண்டாட்டி சபீனா முழுகாமல் இருக்கிறாள், பயிர் வைக்கக் கையகல மண் கிடையாது. மறுநாள் உன் பங்கை உழ யார் வந்தது தெரியுமா? அவன்தான். இந்தத் தடவை நம் வீட்டுக்குக் கைகொடுக்கும் முறை அவனுடையதாம், முறை தவறக்கூடாது என்று கால்கலப்பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். அவன் மிதித்து மிதித்துக் கட்டியைப் பெயர்க்க, சபீனா வயிற்றைத் தாங்கிக்கொண்டு குனிந்து புரட்டிப்போட்டாள். எலிசேயோ அண்ணன் வந்து பாத்தா சந்தோஷப்படுவாரு அத்தை என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. வாயில் போட்டு மென்றுகொள்ளக் கொஞ்சம் கோகா இலை கொடுத்தேன், வேறென்ன செய்ய.

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது, உன்னைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. சாயங்காலம் பட்டியை அடைக்கும்போது ஒன்று குறைகிற மாதிரியே இருக்கும், மறுபடி மறுபடி எண்ணுவேன், பதினொன்றும் இருக்கும். இந்தச் சரிவு இனிமேல் தரிசானால் இன்னும் ஏழு வருஷம், அப்போது உன் பெயருக்குக் குரல் கொடுக்க நான் இருப்பேனா தெரியாது.

ஈரக் காலுறையோடு படுக்காதே. மாதா உன்னைக் காப்பாற்றட்டும், நம் மலைச்சாமியின் கண் அங்கேயும் உன்மேல் இருக்கட்டும். வருவதானால் பதில் எழுதிக்கொண்டிருக்காதே, கிளம்பு. வரவில்லை என்றால் அந்த ஒரு வரியை நடவுக்கு முன்னால் இலாரியோவுக்கு எழுதிவிடு. எனக்கு எழுதாதே.

உன் அம்மா,
எர்மெலிந்தா