மூன்று முறை வாசலைத் தாண்டியவர்

கோட்டூர்புரம்
10.3.2016

அன்புள்ள சூடாமணி,

நலம். நீயும் பூஜாவும் நலமாக இருப்பீர்கள். என் போனை நீ எடுப்பதில்லை என்பதால் இந்தக் கூரியர்.

டிசம்பர் வெள்ளத்தில் நிவாரணப் படகுகளை நடத்தியதற்காக ஏப்ரல் 3 அன்று தி.நகரில் எனக்குப் பாராட்டு விழா. சீனாவுக்குப் பயிற்சிக்குப் போனபோது கேட்ட யூ மன்னரின் புராணக் கதையைத்தான் ஏற்புரையில் சொல்லப்போகிறேன். டிராகன் வாலால் கோடு கிழிக்க, ஆமை மண் சுமக்க, வாய்க்கால் வெட்டிப் பெருவெள்ளத்தை வடித்தவர். பதின்மூன்று வருஷ அலைச்சலில் மூன்று முறை சொந்த வாசலைத் தாண்டினார். உள்ளே குழந்தை அழுதும் நுழையவில்லை. நானும் மூன்று முறை நம் வாசலைத் தாண்டினேன்.

மேடையில் மனைவியும் மகளும் இல்லாவிட்டால் நாலு பேர் கேட்பார்கள். விழாவுக்கு வந்து, அப்படியே வீட்டுக்கும் வந்துவிடு. அண்ணன் வீட்டில் இருந்தது போதும்.

உன்
கணேசமூர்த்தி

நங்கநல்லூர்
15.3.2016

மாமன்னர் கணேசமூர்த்தி அவர்களுக்கு,

ஏற்புரையில் சில திருத்தங்கள்.

மூன்று முறை என்பது சரி. மாடியிலிருந்து எண்ணினேன். முதல் முறை டிசம்பர் 2, காலை பத்தரை மணி. பூஜாவுக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. மாடிக் கம்பியில் சிவப்புத் துண்டைக் கட்டிவிட்டுக் கத்தினேன். ஓட்டுக் கேட்க வந்தவர் மாதிரி கையசைத்துவிட்டுப் போனீர்கள். இரண்டாம் முறை படகில் ஒரு டி.வி.காரர், கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மூன்றாம் முறை உங்கள் மேலதிகாரியின் மாமியாரும் அந்த அம்மாளின் நாயும். நாய்க்குக் குடை பிடித்திருந்தீர்கள்.

படகைத் தள்ளியவர்கள் நான்கு மீனவர்கள். டிராகன், ஆமை வரிசையில் அவர்களையும் சேருங்கள்.

எங்களை மீட்டவர் டயர் கடை மெஹபூப் பாஷா. லாரி டியூப்களின் மேல் பலகை கட்டிக்கொண்டு வந்தார்.

"உங்க வூட்டுக்காரரு இன்னா ஆனாரும்மா?"

"வெள்ளத்துல போயிட்டாரு."

பாவம், மனிதர் அழுதுவிட்டார்.

சூடாமணி

கோட்டூர்புரம்
19.3.2016

சூடாமணி,

நக்கல் போதும். மேலதிகாரி கேட்டால் மறுக்க முடியுமா? சொந்த வீட்டுக்கு முதலில் படகு விட்டால் ஊர் என்ன சொல்லும்? இதெல்லாம் உனக்குப் புரியாது. நீ வராவிட்டால் போ. பூஜா என் மகள். சனிக்கிழமை காலை வருகிறேன். அவளைக் கொடுத்துவிடு.

கணேசமூர்த்தி

நங்கநல்லூர்
24.3.2016

கணேசமூர்த்தி அவர்களுக்கு,

உங்கள் கதையின் மீதியை நம் கோட்டூர்புரம் நூலகத்தில் தேடிப் படித்தேன். அதை நீங்கள் மேடையில் சொல்லமாட்டீர்கள். மலையைக் குடைய யூ கரடியாக மாறுவாராம். சாப்பாடு கொண்டுவந்த கர்ப்பிணி மனைவி அதைப் பார்த்துவிட்டு ஓடினாள். துரத்தினார். அவள் கல்லாகிவிட்டாள். அப்போதும் அவளுக்கு என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. "என் பிள்ளையைக் கொடு" என்று கத்தினார். கல் பிளந்து பிள்ளை வந்தது. பிறகு அந்தக் கல் என்ன ஆனது என்று புத்தகத்தில் இல்லை.

உங்கள் கடிதத்திலும் அதே வரிதான்.

கல்லாகும் உத்தேசம் எனக்கு இல்லை. சனிக்கிழமை பூஜா இங்கே இருக்கமாட்டாள். குடும்ப நல நீதிமன்றத்தில் மனு கொடுத்துவிட்டேன். அவளை எந்த நாளில் பார்க்கலாம் என்று அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். "நாய்க்கு மட்டும் ஏம்மா அப்பா குடை பிடிச்சாரு?" என்று இன்னமும் கேட்கிறாள். பதிலைத் தயார் செய்துகொண்டு வாருங்கள்.

நூலகத்துக்கு இந்த மாதம் மூன்று முறை வந்தேன். மூன்று முறையும் நம் வாசல் வழியாகத்தான். நேற்று நீங்கள் வாசலில் நின்று ஏற்புரையை உரக்கப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

நான் உள்ளே வரவில்லை.

சூடாமணி