கோஷால் பாபுவின் இருமலும் நம் வீட்டு ரசமும்

என் செல்ல அப்பாவுக்கு,

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். சித்தப்பாவின் குறட்டை நின்றால் விளக்கை அணைத்துவிடுவேன். பாதியில் நின்றால் கோபிக்காதீர்கள்.

நீங்கள் எங்களை விட்டுப் போனதும் ஊரிலிருந்து வந்த சித்தப்பா, "ராமுவுக்கு இந்த மாசத்துக்குள்ள வேலை கிடைக்கலைன்னா எல்லாரும் ஊருக்குக் கிளம்பணும். இவ படிச்சது போதும், கல்யாணத்தைப் பண்ணிடலாம்" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ராமு அண்ணாவுக்கு வேலை கேட்டு, கிடர்பூர் துறைமுக ஆபீஸ் துரையிடம் எலுமிச்சம்பழத்தோடு போனார். நம் பக்கத்தில் அது மரியாதை. இந்தத் துரைக்கு என்ன தெரியும்? "பழம் வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார். "ஒண்ணு போதலை போலிருக்கு" என்று மறுநாள் சித்தப்பா ஒரு கூடையே கொண்டுபோனார். சேவகன் விலை கேட்டானாம்!

நீங்கள் துரையைத் தேடிப் போனதே இல்லையே. அந்த ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா கோஷால் பாபு இருமினால் மிளகு ரசம் கொண்டுபோவீர்கள். இருமாதபோதும் போய், அவர் மனைவி காகிமாவின் முழங்கால் வலியை விசாரிப்பீர்கள். எதற்கு என்று கேட்டால், "பழகின மனுஷா, போறேன்" என்பீர்கள்.

பள்ளிக்கூடம் போகும் வழியில் இப்போது நான்தான் ரசம் கொடுக்கிறேன். துக்க வீட்டுப் பண்டம் வெளியே போகக்கூடாது என்பது சித்தப்பாவின் உத்தரவு. அம்மா மிளகை இடித்துக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்பாள்.

இன்று சாயங்காலம் கோஷால் பாபு தலையில் கம்பளி சுற்றிக்கொண்டு நம் வீட்டுக்கே வந்துவிட்டார். சித்தப்பா எலுமிச்சம்பழத்தோடு ஓடிவந்தார். "ஓ, அந்தப் பழக்காரர் இவர்தானா!" என்றார் பாபு, வங்காள பாஷையில். அண்ணா வெளியே போயிருந்தான். தமிழில் சொல்ல நான்தான் இருந்தேன்.

"என்னடி சொல்றார்?"

"நமஸ்காரம் சொல்றார், சித்தப்பா."

அடுத்ததை மாற்றிச் சொல்ல முடியவில்லை. "ரசம் கொண்டுவரும் இந்தப் பெண்ணின் கண் வீங்கியிருந்தது. என் மனைவி துருவிக் கேட்டுத்தான் விஷயம் தெரிந்தது. முன்பே சொல்லக்கூடாதா? சரக்கு ஆபீஸில் ஓர் இடம் இருக்கிறது. திங்கட்கிழமை ராமுவை அனுப்புங்கள்." என் திருட்டை நானே மொழிபெயர்த்தேன், அப்பா!

சித்தப்பா எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்தார். பிறகு அம்மாவிடம், "இவ இங்கேயே படிக்கட்டும். பாபுவோட பேச ஆள் வேணுமே" என்றார். கொஞ்சம் கழித்து, "ரசம் மிச்சம் இருக்கா?"

இதற்காகத்தான் நீங்கள் அங்கே போய்வந்தீர்களா? இல்லை என்று எனக்குத் தெரியும். வேலை கிடைத்துவிட்டதென்று நானும் நிறுத்த மாட்டேன். பாபுவுக்கு இருமல் நின்றாலும் காகிமாவின் முழங்காலை விசாரிக்கப் போவேன். இது சத்தியம்.

குறட்டை நின்றுவிட்டது!

உங்கள் பயந்தாங்கொள்ளிப் பெண்,
அலமு