எதிர் மேசையிலிருந்து பார்த்த முகம்

இன்றைக்கு ஸ்கேன் பண்ணப் பிரித்த காகிதக் கட்டுக்குள் நீ இருந்தாயடி. முகவாதம் வந்தவர்கள், கண் இமை தொங்கிப்போனவர்கள் என்று தலை நரம்புக் கேஸ் ஷீட்டெல்லாம் சேர்த்து, பூச்சி உருண்டை வாடையோடு, நீயே கட்டிவைத்த பழைய கட்டு. உன் முடிச்சை அவிழ்ப்பதற்குள் என் நகம் பெயர்ந்துவிட்டது. அத்தனை இறுக்கம் எதுக்கடி?

நடுவில் ஒரு தாளில் உன் பேர். அதன்கீழ் டாக்டர் பேனாவால் போட்ட வட்ட முகம். ஒரு கண் மூடவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது.

அந்தக் காலை நினைவிருக்கிறதா? கீழ்பென்னாத்தூர் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, நம் ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து டீ குடித்தாய். வாயோரம் ஒழுகியது. "என்னடி, கொழந்தையாட்டம் ஒழுகவிடறே?" என்று சிரித்தேன். நீயும் சிரித்தாய், பாதி முகம்தான் சிரித்தது. ஐயோ, எனக்கு உயிரே போய்விட்டது! உன்னை இழுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். "ஜன்னலோரக் காத்து ஜாஸ்தி பட்டிருக்கும்"னு பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள். டாக்டர், முகத்தை அசைக்கிற ஏழாவது நரம்பு என்றார்.

பிறகு அந்தக் கேஸ் ஷீட் அடுக்குவதற்கு நம்மிடமே வந்தது. "உனக்கு இடது பக்கம்தானே? மூடாத கண்ணை வலது பக்கம் போட்டு வச்சிருக்காரே இந்த டாக்டரு!" என்று குதித்தேன்.

"எதிர்ல உக்காந்து பாத்தா அப்பிடித்தான்டி தெரியும், மக்கு" என்றாய். இத்தனை வருஷம் இதே காகிதங்களை அடுக்கியும் எனக்கு அது உறைக்கவில்லை.

கண் சரியாயிற்று. வாய்க் கோணல் கொஞ்சம் தங்கிவிட்டது. என் மகள் கல்யாண மேடையில் உன் தோளைப் பிடித்து, "இப்பிடித் திரும்பி நில்லுடி, படத்துல தெரியாது" என்றேன். நல்லதுக்குத்தான் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். "பந்தியைப் பாத்துட்டு வரேன்" என்று நீ இறங்கிப் போனாய். அதற்கப்புறம் எந்தப் படத்துக்கும் நிற்கவில்லை. நாம் அதைப் பேசவும் இல்லை. போன வருஷம் உன் காரியத்தில், உனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால் எடுத்த படத்துக்குத்தான் மாலை போட்டிருந்தார்கள். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாதடி.

ஸ்கேன் முடிந்தால் இந்தக் காகிதமெல்லாம் அரைக்கப் போய்விடும். ஒரு தாளை எடுத்துக்கொண்டால் யார் கேட்கப்போகிறார்கள்? மடித்துக் கைப்பையில் வைத்தும் விட்டேன். வாசல்படியில் கால் வைத்ததும் உன் குரல்தான். "நோயாளி காயிதம் வீட்டுக்குப் போவக் கூடாதுடி. அது அவங்க உடம்பு." எத்தனை பேரை இப்படிச் சொல்லித் தடுத்திருப்பாய்! திரும்பி வந்தேன்.

கட்டுக்குள் வைப்பதற்கு முன் அதை உன் மேசையில் சாய்த்து நிறுத்தி, என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். கண் சரியான பக்கத்தில்தான் இருந்தது. டாக்டர் உன்னைத் திரும்பச் சொல்லவில்லை, நேராக வைத்தே வரைந்திருக்கிறார். நான் தினமும் பார்த்த முகம். அழுதேன்டி, நன்றாகவே அழுதேன்.

தாளைக் கட்டுக்குள் வைத்து, உன்னைப்போலவே இறுக்கி முடிச்சுப் போட்டேன். அன்றைக்கு மேடையில் சொல்லாமல் விட்ட "நேரா நில்லுடி" மட்டும் என்கூட ஆட்டோ ஏறி அடி அண்ணாமலையில் என் வீட்டுக்கு வந்தது.