அஞ்செட்டி ஏற்றமும் ஐந்து வருட கேரண்டியும்

நவம்பர் 9, ஞாயிறு

ராயக்கோட்டை ரோட்டில் இன்று ஒரு வரலாற்றுச் சம்பவம். ஏற்றத்தில் மணிவேலை முந்தினேன். ஆமாம், நான்தான். நாற்பத்தொன்பது வயது, எண்பத்தாறு கிலோ, சர்க்கரைக்கு இரண்டு வேளை மாத்திரை.

மேலே போய்த் திரும்பிப் பார்த்தால், அவன் பாதி ஏற்றத்தில் இறங்கி, ஹேண்டில்பார் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்கிறான். உத்தனப்பள்ளியில் தக்காளித் தோட்டம், நாள் முழுக்க மண்வெட்டி பிடிக்கிற உடம்பு. இத்தனை வருடமாக மேட்டுக்கு மேடு நின்று எனக்காகக் காத்திருப்பது அவன் வேலை. வந்து சேர்ந்ததும் நீளமாக ஓர் ஏப்பம் விட்டான்.

"கேஸ்ணா. நேத்து களி கொஞ்சம் சேத்துத் தின்னுட்டன்."

சைக்கிள் குழு வாட்ஸப்பில் அவனுக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டேன்: சிலிண்டர். பதினேழு பேர் சிரித்தார்கள். போட்டி நடத்துகிற பெங்களூர் சாஃப்ட்வேர்காரர் கௌதம்கூடச் சிரித்தார். வழக்கமாக அவர் சைக்கிளின் விலையை யாராவது விசாரித்தால்தான் அவர் முகத்தில் பல் தெரியும்.

வீட்டில் படித்துக் காட்டினேன். ராஜலட்சுமி சிரிக்கவில்லை. "ஒரு மனுசன் மூச்சு முட்டி நிக்கான். அதப் பாத்துச் சிரிக்க ஒரு கூட்டம், அதுக்கு நீங்க தலைவரு" என்றாள். அருப்புக்கோட்டையில் பெண் எடுத்தவனுக்கு வீட்டில் கைதட்டல் கிடைக்காது.

நவம்பர் 16, ஞாயிறு

டிசம்பர் 7-ஆம் தேதி போட்டி. தேன்கனிக்கோட்டையில் கிளம்பி, காட்டு வழியாக அஞ்செட்டிக்கு இறங்கி, அதே மலையைத் திரும்ப ஏற வேண்டும். மேலே முடிவுக்கோடு. குறித்த நேரத்துக்குள் வராதவர்களைப் பின்னால் வருகிற டெம்போ வாரிப் போட்டுக்கொண்டு வரும்.

போன வருடம் வாரப்பட்டவன் நான். அதைக்கூடச் சொல்லிச் சிரித்துவிடலாம். சிரிக்க முடியாதது வேறு. மணிவேல் அன்று எனக்கு மிக முன்னால் போய்விட்டான். மெடல் கைக்கெட்டும் தூரம். நான் பாதி மலையில் உட்கார்ந்துவிட்டேன் என்று யாரோ சொல்ல, சைக்கிளைத் திருப்பி இறங்கி வந்தான். தன் சைக்கிளையும் டெம்போவில் ஏற்றி, வாழைப்பழத் தோல்களுக்கு நடுவே என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

"உன்ன மட்டும் தனியா சரக்கு மாதிரி ஏத்திக்கினு வந்தா நல்லாவாணா இருக்கும்?"

இந்த வருடம் இரண்டு பேருக்கும் மெடல். இல்லையென்றால் டெம்போ. எதுவானாலும் சேர்ந்தே.

நவம்பர் 19, புதன்

கம்பெனியில் பி ஷிஃப்ட். ஒரு தட்டு முழுக்க உதிரிபாகங்களை ரிஜெக்ட் போட்டேன். மயிரிழைக் கீறல். சூப்பர்வைசர் முறைத்தார். இருபத்திரண்டு வருடமாகத் தரப்பிரிவில் இருக்கிறேன். கீறல் கீறல்தான்.

நவம்பர் 20, வியாழன்

மணிவேலின் மனைவி ரேவதி போன் செய்தாள்.

"அண்ணா, இவுரு மாடிப்படி ஏறினாலே நெஞ்சத் தேய்ச்சிக்கினு நிக்கறாரு. கேட்டா கேஸுன்றாரு. நான் சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டாரு. நீங்க இட்டுக்கினு போயி ஒருவாட்டி நெஞ்சக் காட்டிட்டு வாங்கண்ணா. நீங்க நல்லாருக்குதுன்னு சொன்னாத்தான் இந்த ரேசுக்கு அனுப்புவன்."

எப்படியும் போக வேண்டியதுதான். நாற்பத்தைந்து தாண்டியவர்கள் ஈசிஜியும் டாக்டர் கையெழுத்தும் வைத்தால்தான் பதிவு. கடைசி நாள் சனிக்கிழமை.

நவம்பர் 22, சனி

இன்று எனக்கு இரண்டு இதயம் இருந்தது.

பாகலூர் ரோட்டில் ஒரு லேப். எனக்குப் பதினோரு மணி, மணிவேலுக்குப் பன்னிரண்டு. என்னுடையது முடிந்தது. ஈசிஜி எடுக்கிற கங்கப்பன் கன்னடம் கலந்து "ஆயித்து சார், எந்திரிங்க" என்றார். வெளியே வந்து உட்கார்ந்தேன். மணிவேலின் போன்: "ணா, மார்க்கெட்டுக்கு லோடு நிக்குது. மழ வர்ற மாதிரி இருக்குது, விட்டா அழுவிடும். நான் வரதுக்கில்ல. நீயே எதுனா பண்ணு."

பன்னிரண்டு மணிக்குக் கங்கப்பன் சாப்பிடப் போய், வேறோர் ஆள் வந்து கூப்பிட்டார்: "மணிவேல், நாப்பத்தேழு!"

எழுந்து போனேன். சட்டையைக் கழற்றிப் படுத்தேன். முதல் தடவை ஒட்டிய பசையே இன்னும் காயவில்லை. அந்த ஆளுக்குச் சந்தேகம் வரக்கூடாதென்று இரண்டு வயது குறைந்தவன் மாதிரி மூச்சு விட்டேன். உள்ளே டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. காலையிலும் பார்க்கவில்லை.

மணிவேல் மார்க்கெட்டிலிருந்து வீடு திரும்பியதும் போன் போட்டுச் சொன்னேன். அடித்தொண்டையில் அப்படிச் சிரித்தான். அவன் லேபுக்கும் போய்விட்டு வந்ததாகவே நினைத்த ரேவதி போனைப் பிடுங்கினாள்.

"அண்ணா, நெசமா ஒன்னுமில்லியா?"

"ஒண்ணுமில்லம்மா. அஞ்சு வருசம் கேரண்டி."

நவம்பர் 23, ஞாயிறு

உத்தனப்பள்ளி. பயிற்சி முடிந்து அவர்கள் வீட்டில் டீ. "அண்ணனுக்குச் சக்கர இல்லாதது" என்று தனியாகப் போட்டுக் கொடுத்தாள் ரேவதி. கிளம்பும்போது ஒரு பை தக்காளி. காலையில் நான் கொடுத்த அசல் ஈசிஜி காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டோடு பீரோவில் வைத்திருக்கிறாளாம். நேற்றுத்தான் நிம்மதியாகத் தூங்கினாளாம்.

மணிவேல் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். நானும் அடித்தேன். தக்காளிப் பை கனமாக இருந்தது.

போட்டி முடிந்ததும் முதல் வேலையாக அவனை இழுத்துக்கொண்டு போய்ப் படுக்க வைக்க வேண்டும். இரண்டு வாரம்தானே.

டிசம்பர் 6, சனி

நம்பர் அட்டை வாங்கியாயிற்று. அவனுக்கு 112, எனக்கு 113. புது டவுசரைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். பிதுக்கிய இட்லி மாதிரி இருக்கிறேன். "விடியக்கருக்கல்லயே கிளம்பிருங்க. தெருவுல யாரும் பாக்க வேணாம்" என்கிறாள் ராஜலட்சுமி.

டிசம்பர் 7, ஞாயிறு

மெடல் மேசைமேல் கிடக்கிறது. எழுத முடியவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

எழுதித்தான் ஆக வேண்டும். வேறு எங்கே சொல்வது.

நாங்கள் கிளம்பவே முக்கால் மணி நேரம் தாமதம். ரோட்டில் யானை. யானைக்கு யார் நேரம் குறிப்பது என்று ஜோக் அடித்தேன். பனியில் எல்லோரும் கையைத் தேய்த்துக்கொண்டு சிரித்தார்கள். மணிவேல் சிரித்தானா? நினைவில்லை. பார்க்கவில்லை.

அஞ்செட்டி வரை இறக்கம்தான். அங்கே நெஞ்சு எரிகிறது என்றான். கடையில் சோடா வாங்கிக் கொடுத்தேன். ஏப்பம் விட்டான். "சிலிண்டர் காலியாயிருச்சு, இனிமே லேசா ஏறுவ" என்றேன். என் வாய்தான் சொன்னது.

ஏற்றத்தில் நாலாவது வளைவில் இறங்கிவிட்டான். அந்தக் குளிரில் சட்டை முழுக்க வியர்வை. முகம் சாம்பல். இடது தோளைப் பிடித்துக்கொண்டு, "கேஸ்தாணா. நீ போ. நான் பின்னாடியே வரன்" என்றான்.

கடிகாரத்தைப் பார்த்தேன். முப்பத்தைந்து நிமிடம் இருந்தது. விடாமல் மிதித்தால் எனக்கு மெடல்.

அந்த இடத்தில் மனசுக்குள் என்ன ஓடியது என்பதை மட்டும் பொய் இல்லாமல் எழுதிவிடுகிறேன். "ஈசிஜி நல்லாத்தானே இருக்கு" என்று ஓடியது. அவனுடைய ஈசிஜி! படுத்தவன் நான், பசை ஒட்டியது என் நெஞ்சில். நானே ஒட்டிய ஓகே ஸ்டிக்கரை நானே நம்பினேன். கம்பெனியில் எவனாவது இப்படிச் செய்திருந்தால் கேட்டுக்கு வெளியே தள்ளியிருப்பேன்.

போய்விட்டேன்.

மூன்று நிமிடம் மிச்சம் வைத்துக் கோட்டைத் தாண்டினேன். கௌதம் மெடல் போட்டு, மைக்கைக் கையில் கொடுத்தார். குழுவின் காமெடியன் அல்லவா. "சிலிண்டர் பின்னாடி வருது, யாரும் தீப்பெட்டி பத்த வைக்காதீங்க" என்றேன். நல்ல சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் டெம்போ வந்தது. ஓட்டுகிறவன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. சைக்கிள்களுக்கு நடுவே மணிவேல் கிடந்தான். வாழைப்பழத் தோல் இந்த வருடமும் இருந்தது.

போன வருடம் அவன் திரும்பி இறங்கி வந்தான்.

தேன்கனிக்கோட்டை, அங்கிருந்து ஓசூர், அங்கிருந்து அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர். உயிர் இருக்கிறது. ஐசியூ.

டிசம்பர் 10, புதன்

பழைய ரிப்போர்ட் ஏதாவது இருக்கிறதா என்று டாக்டரம்மா கேட்டார். ரேவதி பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். "ரெண்டு வாரம் முந்தி எடுத்துதுங்க மேடம். எல்லாம் நல்லாருக்குதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க." பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் மார்க்கைக் காட்டுகிற மாதிரிக் காட்டினாள்.

அவர் அதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம். "இவருக்கு இது முதல் அட்டாக் இல்லம்மா. ஆறு மாசம் முன்னாடியே ஒண்ணு வந்து போயிருக்கு. அந்தத் தழும்பு இதுல தெரியுது. ரெண்டு வாரம் முன்னாடி எடுத்ததுல தெரியாம இருக்க முடியாது. இது இவரோடது இல்ல. யாரோடது?"

வகுப்பில் அட்டெண்டன்ஸுக்குத் தூக்குகிற மாதிரி என் கை தானாகத் தூக்கிக்கொண்டது.

"என்னுது."

டாக்டரம்மா என்னை ஏதோ திட்டினார், பாதி இங்கிலீஷில். காதில் விழவில்லை. ரேவதி அந்தக் காகிதத்தை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து, உறைக்குள் போட்டாள். பிறகு கேட்டாள்:

"ஏன்ணா?"

லோடு நின்றது, மழை வருகிற மாதிரி இருந்தது, கடைசி நாள், அவனேதான் சொன்னான் — எல்லாம் நாக்கு வரை வந்தது. எல்லாம் உண்மைதான்.

டிசம்பர் 11, வியாழன்

வாட்ஸப் குழுவில் வரிசையாக: "சீக்கிரம் குணமாகி வாங்க சிலிண்டர் அண்ணா." "சிலிண்டர் அண்ணாவுக்காகப் பிரார்த்திப்போம்." கிண்டல் இல்லை, பாவம், மனசாரத்தான் போடுகிறார்கள். அவனுடைய நிஜப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. நான் போட்ட அந்த முதல் மெசேஜை அழிக்கப் பார்த்தேன். எனக்கு மட்டும்தான் அழிகிறது.

டிசம்பர் 14, ஞாயிறு

ராஜலட்சுமியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். தட்டில் இருந்த தோசையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அந்தப் பொண்ணு தந்த தக்காளியில நான் தொக்குக் கிண்டி வச்சிருக்கேன்" என்றாள். அவ்வளவுதான்.

தொக்கு ஜாடி இன்னும் அலமாரியில் இருக்கிறது. இரண்டு பேரும் தொடவில்லை.

டிசம்பர் 17, புதன்

கௌதமுக்கு நடந்ததை எழுதி அனுப்பினேன். மெடலைத் திருப்பித் தரச் சொன்னார். இனி பதிவு கிடையாது என்றார். "சார், உங்கள நான் அப்படி நினைக்கல" என்றார். நானும்தான் நினைக்கவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

மணிவேலை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இதயம் ரத்தத்தை முப்பது சதவீதம்தான் இறைக்கிறதாம். கனம் தூக்கக்கூடாது, படி ஏறக்கூடாது, மண்வெட்டி கூடாது. சைக்கிளைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை.

போய்ப் பார்த்தேன். மணிவேல் கட்டிலில் சாய்ந்திருந்தான். கை கொத்தமல்லித் தண்டு மாதிரி ஆகிவிட்டது. "மெடல் எங்கணா? காட்டு" என்றான். திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றேன். "லூசாணா நீ? ரெண்டு பேர்ல ஒருத்தனாவது வெச்சிருக்கலாம்ல. நான்தான உன்னப் போவச் சொன்னன்."

அவன் மன்னித்துவிட்டான். ஒரு நிமிடம்கூட அதற்கு எடுத்துக்கொள்ளவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ரேவதி வாசலில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். கெட்டது ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம். ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துப் போட்டாள். நான் கிளம்பியபோது நிமிராமல், "கேட்ட சாத்திட்டுப் போங்க சார்" என்றாள்.

சார்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். போகவில்லை. போன வருடம் அவர்கள் வீட்டில்தான். ராஜலட்சுமி மட்டும் பஸ்ஸில் போய்விட்டு வந்தாள். என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "பொம்பளைங்க பேசுனோம்" என்றாள்.

ஜனவரி 28, புதன்

கம்பெனியில் ஒரு புதுப்பையன் பத்துக்கு ஒன்று பார்த்துவிட்டு மொத்தத்துக்கும் ஓகே ஒட்டினான். வழக்கமான முறைதான், தப்பே இல்லை. நான் அத்தனையும் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஷிஃப்ட் முடிந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

பிப்ரவரி 7, சனி

மணிவேலுக்குப் பெங்களூரில் மறுபரிசோதனை. தோட்டத்தில் அறுவடை, ரேவதியால் வர முடியாது. அவன் மைத்துனன் ஊரில் இல்லை. "வெள்ளைச்சாமி அண்ணன் கார்ல போறன்" என்று என் பெயரைச் சொல்லி மணிவேலே பிடிவாதம் பிடித்திருக்கிறான். காலையில் அவளே வந்து என் காரின் பின்கதவைத் திறந்து அவனை உட்கார வைத்தாள்.

அங்கே பெயர் கூப்பிட்டார்கள். "மணிவேல், நாப்பத்தேழு." எழுந்துவிட்டேன். பிடித்துக் கூட்டிப் போகத்தான் எழுந்தேன். நர்ஸ் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் உட்கார்ந்தேன்.

திரும்பும்போது மணி நாலு. ரேவதி களத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"போன தடவைக்கு இது பரவாயில்லன்னு டாக்டர் —" என்று ஆரம்பித்தேன்.

"பேப்பரக் குடுங்க சார்."

கொடுத்தேன். அவள் பத்தாவது வரை படித்தவள். அத்தனையும் அவளாலேயே படிக்க முடியும். ஒவ்வொரு தாளாகப் புரட்டிவிட்டு முதல் தாளை என் பக்கம் திருப்பினாள்.

"மேல என்ன பேரு போட்டிருக்குது? படிங்க."

படித்தேன். "மணிவேல். ஆண். நாப்பத்தேழு."

"இவுரத்தான் படுக்க வெச்சாங்களா?"

"இவனத்தான்மா."

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"வெளிய. பெஞ்சுல."

வாசல் கட்டிலில் இருந்து மணிவேல், "உடு ரேவதி, எத்தினி தடவ? அண்ணனுக்கு டீ போடு" என்றான். அவள் தாள்களை அடுக்கி உறையில் போட்டாள். பழைய காகிதம் இன்னும் அதற்குள்தான் இருக்கிறது. என் இதயம், அவன் பெயர். உறையோடு உள்ளே போனாள். எனக்குக் கிளம்பிப் போகவும் தெரியவில்லை, உட்காரவும் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் திண்ணைமேல் டம்ளரை வைத்தாள்.

"டீ, சார்."

குடித்தேன். சர்க்கரை போடவில்லை.