அடுப்பங்கரைக்குள் போன செருப்பு

பிரியமுள்ள பங்காளி இப்ராகிமுக்கு,

நீ அங்கே நிம்மதியாகப் படுத்திருக்கிறாய். நான் இங்கே சந்தோஷம் தாங்காமல் நம் செருப்புக் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு எழுதுகிறேன். புண் ஆறிவிட்டது, பாய்!

யார் புண் என்பாய். மயிலாப்பூரில் கல்யாணச் சமையல் செய்கிற அலமேலு மாமியின் புண். உனக்கிருந்த அதே நீரிழிவு. வலது கட்டைவிரலுக்கு அடியில், உன்னைக் கொண்டுபோன அதே மாதிரிப் புண். வலியே தெரியாததால் நாள் முழுக்க அதன்மேல் நின்று சமைத்திருக்கிறார். ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிற்க முடியாத சமையல்காரியை யார் கூப்பிடுவார்கள்?

படுக்கையில் கிடந்தபடி நீ சொன்னாயே, "செருப்புல புண்ணுக்கு நேரா குழி வுடு நைனா, பாரம் சுத்தி எறங்கட்டும்" என்று? உன் காலுக்கு அதைச் செய்து முடிக்க அவகாசம் கிடைக்கவில்லை. மாமிக்குச் செய்தேன். யுத்தம் முடிந்து ஏலத்துக்கு வந்த பட்டாளத்துச் சரக்கில் லாரி இருக்கை ரப்பரை அள்ளிப் போட்டிருந்தேன். பஜாரே சிரித்தது. சிரிக்கட்டும்.

காலில் கட்டோடு மாமியை அரிசி மாவின்மேல் நடக்க விட்டேன். மாவு அதிகம் நசுங்கின இடத்தில்தான் பாரம். "கோகுலாஷ்டமிப் பாதமாட்டம்னா இருக்கு! கிருஷ்ணருக்கு வயசாயிடுத்து போல" என்று அவரே சிரித்தார். அந்த அளவுக்கு ரப்பரைச் செதுக்கி, குழி விட்டு, நல்ல தோல் செருப்புக்குள் வைத்துக் கொடுத்தேன். தர்மத்துக்கு இல்லை, விலை சொல்லித்தான்.

நாளாகியும் புண் அப்படியே இருந்தது. விரல் போய்விடுமோ என்று எனக்குத் தூக்கம் கெட்டது. வீட்டுக்கே போனேன். செருப்பு வாசலில் புதுக்கருக்குக் கலையாமல் கிடந்தது. கொல்லைப்பக்கம் போய் எட்டிப் பார்த்தால், மாமி வெறுங்காலோடு கருங்கல் தரையில் நின்று குழம்பு கிளறுகிறார்.

"இன்னா மாமி, செருப்பு வெளியிலயே கீது?"

"நன்னா இருக்கே! தோலை மாட்டிண்டு யாராவது அடுப்பங்கரைக்குள்ள வருவாளோ? வெளியில போறச்சே போட்டுக்கறேன்."

"வெளியில எங்க நடப்பீங்க?"

"நான் எங்கே நடக்கறேன்? ரிக்‌ஷால போயிட்டு ரிக்‌ஷால வரேன்."

பாய், நாம் இரண்டு பேரும் செருப்பு வியாபாரிகள். நம் ஊர் ஜனம் வீட்டுக்குள் செருப்புப் போடாது என்பது நமக்குத் தோன்றவே இல்லை பார்!

தோலே இல்லாமல் கித்தான், தக்கை, ரப்பர் வைத்து வீட்டுக்குள் போடுகிற ஜோடி ஒன்று செய்தேன். மாமி முகர்ந்து பார்த்தார். "ஒட்டின பசை எதுல பண்ணினது?" வஜ்ஜிரம், மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுப்பது. வியாபாரிதான் நான், இருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை. பிரித்து, முழுக்க நூலாலேயே தைக்க வைத்தேன். மாமி அதற்குத் தண்ணீர் தெளித்து, மருமகளை அழைப்பதுபோல உள்ளே அழைத்துக்கொண்டார்.

இன்று டாக்டர் புண் இருந்த இடத்தை அமுக்கிப் பார்த்து, விரலை எடுக்க வேண்டாம் என்றாராம். மாமி நேரே கடைக்கு வந்துவிட்டார். தியாகராய நகரில் வருகிற முகூர்த்தத்துக்குச் சமையல் அவர்தான். "எங்க கோஷ்டியில பரிமளத்துக்கும் இதே வியாதி. அவளுக்கும் ஒண்ணு தைச்சுக் குடுங்கோ. முன்னாடியே சொல்லிடறேன், அவ என்னைவிட மடி, ஆசாரம் பாக்கறவ!"

உன் கால் அங்கே எப்படி இருக்கிறது, பாய்? அங்கெல்லாம் தரையே மெத்தென்று இருக்குமோ?

வாக்குக் கொடுக்கிறேன். இனி யார் புண்ணோடு வந்தாலும், அவர்கள் வீட்டில் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்த பிறகுதான் ரப்பரில் கத்தி வைப்பேன். நாளைக் காலையில் பரிமளம் மாமி வீடு. உள்ளே விடாவிட்டால் ஜன்னல் வழியாகவாவது அந்தக் காலைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன்.

என்றும் உன் பங்காளி,
சபாபதி