அடுப்பு மேல் ஒன்பது குவளைகள்

அன்புள்ள வெர்னா,

முழங்கால் வலி தேவலையா? நான் சொல்லச் சொல்ல, இந்த அலாஸ்கா மீன் ஆலையில் என்னோடு வேலை செய்யும் ரூத் எழுதுகிறாள்.

வெள்ளத்தில் பாலம் போய், தானியக் கிடங்கும் எரிந்த வருஷம்தான் நம் ஊர் பேஸ்பால் அணி கோப்பை வென்றது. அப்போது ஊரார் எங்கள் ஒன்பது பேருக்கும் பெயர் எழுதித் தந்த குவளைகளை, பிறகு பண்ணை வீட்டுச் சாமான்கள் ஏலம் போன இடங்களில் தேடி வாங்கி அடுப்பு மேல் அடுக்கினாய். ஆட்டக்காரன் செத்தால் அவன் குவளையைக் கவிழ்ப்பதும் நீ வைத்த வழக்கம்தான்.

ஞாயிற்றுக்கிழமை, அணியில் என்னோடு மிஞ்சியிருந்த மெர்ல் போனில், "டேய் கிழவா, அடுத்து உன் குவளையத்தான் உன் பொண்டாட்டி கவுக்கப் போறா, பாத்துக்கோ!" என்று சிரித்தான். நேற்று அவன் மகள் கூப்பிட்டாள். மெர்ல் போய்விட்டானாம். எனக்கு அழுகை வரவில்லை. வேலைக்குப் போய்விட்டேன்.

அவன் குவளையைக் கவிழ்த்துவிடு. கம்பளிக் காலுறை இருந்தால் அனுப்பு. ஆலை மணி அடித்துவிட்டது.

இனி நிமிர்ந்திருக்கும் ஒரே குவளைக்காரன்,
உன் ஹோபார்ட்