தங்கப் பட்டையும் அப்பாவின் நல்ல பெயரும்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று இங்கிருந்தே பார்த்துச் சொல்லும் பெட்டி என்னிடம் இல்லை, அதனால் பழையபடி வாயால்தான் கேட்கிறேன், நலமா? நேற்று போனில் அப்பாவைக் காய்ச்சி எடுத்தாயே, மனுஷர் இன்னும் தலை நிமிரவில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன், போனில் என்றால் நீ என்னைப் பேச விடமாட்டாய்.

அப்பாவின் சர்க்கரை வியாதிக்காக உன் ஆய்வுக்கூடத்திலிருந்து நீ அனுப்பிய பெட்டி சமையலறை ஜன்னலோரம் இருக்கிறது. காகிதப் பட்டையில் கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள் பூசியிருக்கிறது, எச்சிலில் இருக்கும் சர்க்கரைக்குத் தக்கபடி அதன் சிவப்பு நீலமாக மாறும், பெட்டி வெளிச்சம் பாய்ச்சி நிறத்தை அளந்து உன் போனுக்கு அனுப்பிவிடும் என்றாய். உருக்கினால் எவ்வளவு தேறும் என்று உன் அத்தை கேட்டாள். கண்ணுக்குத் தெரியாத தங்கம் எனக்கொன்றும் புதிதில்லை, கல்யாணமானதிலிருந்து உன் அப்பா வாங்கித் தருவது அதுதான். டிப்போவில் ஓடுகிற பஸ்ஸையே பிரித்துப் போடுகிறவருக்கு உன் பெட்டி என்றால் நடுக்கம், கேன்டீனில் டீயோடு பிஸ்கட்டை உள்ளே தள்ளுவது உனக்குத் தெரிந்துவிடுமே! முதல் நாளே பட்டையை என்னிடம் நீட்டி, ஒரே வீடு, ஒரே சாப்பாடு, எச்சில் மட்டும் வேறயா இருக்கப்போகுது, நீயே வச்சுக் குடு என்றார். உன் கத்தலுக்கு அவர் பயந்தார், அவர் மூஞ்சியைப் பார்த்து நான் இளகினேன். அன்றிலிருந்து தினமும் காலையில் வெறும் வயிற்றோடு பட்டையைச் சப்பியது நான்தான். அப்பா சமர்த்து என்று நீ செய்தி போட்டாய். தினசரி அளவை வைத்து உன் போன் வரைந்த, ஏறாமல் ஓடிய கோட்டை ஆய்வுக்கூடத்தில் பெரிய திரையில் காட்டிக் கைதட்டலும் வாங்கினாய். அவரும் வெட்கமே இல்லாமல் டிப்போ முழுக்கச் சொல்லிக்கொண்டார்.

இப்போது கோடு ஏறிவிட்டது, திருட்டுத்தனமா என்னத்தப்பா முழுங்குறீங்க என்று குதித்தாய். நானும் சும்மா இருந்தேனா, உன்னோடு சேர்ந்து திட்டி, பிஸ்கட் டப்பாவைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டேன். அவர் என் பக்கம் திரும்பி, அது உன் எச்சில்டி என்றார். அப்புறம்தான் எனக்கே உறைத்தது.

இன்று காலை கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உன் பெட்டி பொய் சொல்லவில்லை, பெருமைப்பட்டுக்கொள். எனக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பிஸ்கட் தின்றவருக்கு எல்லாம் கட்டுக்குள் இருக்கிறதாம், அநியாயத்தைப் பார். வரும் வழியெல்லாம் அவர் என் கையை விடவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. தாகம் தாங்கவில்லை, கண் மங்குகிறது என்று நான் சொன்னபோதெல்லாம், சரிம்மா, அப்பா பட்டையை வச்சாரா என்றுதான் நீ கேட்டாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, கண் விழிக்காதே, நீ எடுத்த வேலை நல்லபடி முடியட்டும், எங்கள் ஆசீர்வாதத்துக்குக் குறைவில்லை. இனிமேல் பட்டை இரண்டு பேருக்கு அனுப்பு, அவர் வாயில் வைக்கும்போது நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறேன். மறக்காமல் அந்தக் கோட்டின் மேல் அப்பா என்று போட்டிருப்பதை அடித்துவிடு.

இப்படிக்கு,
இத்தனை நாளும் அப்பா என்று நினைத்து நீ அக்கறையாகப் பார்த்துக்கொண்ட
அம்மா